கட்டைவிரல் பக்கம்

நர்சிங் படிப்பின் முதல் வாரத்தில் எங்களை வகுப்பறைக்கு வெளியே வரிசையாக நிற்க வைத்தார்கள். கிருஷ்ணகிரிக்குப் பக்கத்தில் ஒரு தனியார் கல்லூரி. உடற்கூற்றியல் எடுத்த மேடம் குரலை உயர்த்திச் சொன்னார்: "நிமிர்ந்து நில்லுங்க. கால் ரெண்டையும் சேத்து வைங்க. கையைத் தொங்க விடுங்க. உள்ளங்கை முன்னால பாக்கணும்." நாற்பது பெண்கள் உள்ளங்கையைக் காட்டிக்கொண்டு வெயிலில் நின்றோம். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. காவேரிப்பட்டினத்தில் பிறந்து வளர்ந்த பதினெட்டு வருடத்தில் ஒருவர்கூட அப்படி நின்று நான் பார்த்ததில்லை. பஸ்சுக்குக் காத்திருப்பவர்கள், கோயிலில் நிற்பவர்கள், ரேஷன் கடை வரிசையில் நிற்பவர்கள், யாரும் இப்படி நிற்பதில்லை.

அதற்கு உடற்கூற்று நிலை என்று பெயர். உடம்பின் பக்கங்களுக்கு மருத்துவத்தில் இருக்கும் எல்லாப் பெயர்களும் அந்த நிலையை வைத்துத்தான். நெற்றியிலிருந்து தொப்புள் வழியாகக் கீழே ஒரு கோடு கிழித்ததாக வைத்துக்கொள்ள வேண்டும். அந்தக் கோட்டுக்குப் பக்கமாக இருப்பது மீடியல். கோட்டை விட்டு விலகி, உடம்பின் வெளிப்பக்கமாக இருப்பது லேட்டரல். உள்ளங்கையை முன்னால் காட்டி நிற்கும்போது சுண்டுவிரல் தொடையை ஒட்டி இருக்கும், கட்டைவிரல் வெளியே பார்க்கும். ஆகவே சுண்டுவிரல் பக்கம் மீடியல், கட்டைவிரல் பக்கம் லேட்டரல். "ஆள் குப்புற விழுந்து கிடந்தாலும் சரி, கையை முறுக்கிக்கிட்டு இருந்தாலும் சரி, பேர் மாறாது. ஆளை மனசுக்குள்ள எழுப்பி நிக்க வச்சிட்டு அப்புறம் எழுதணும்" என்றார் மேடம். தேர்வில் அந்தக் கேள்விக்கு நான் முழு மதிப்பெண் வாங்கினேன். பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. எனக்கு அது தெரியுமா தெரியாதா என்பதுதான் பிறகு ஒரு மனிதருடைய பிழைப்பை முடிவு செய்தது.

படிப்பு முடிந்து சில வருடம் மருத்துவமனைகளில் அலைந்துவிட்டு ஓசூரில் ஒரு கம்பெனியின் முதலுதவி அறையில் வேலைக்குச் சேர்ந்தேன். வண்டிகளுக்கான தகட்டுப் பாகங்களை அழுத்தி எடுக்கும் கம்பெனி. காது கிழியும் சத்தம். என் அறையில் இரண்டு கட்டில், ஒரு கண்ணாடி அலமாரி, ஒரு விபத்துப் பதிவேடு. காலையில் வரும் தலைவலி, வாந்தி, வெயில் நாளில் மயக்கம், தகடு கிழித்த கை, இவைதான் என் நாள். வீட்டில் என் சம்பளம் ஒன்றுதான் வந்துகொண்டிருந்தது. ஆகவே சத்தத்தைப் பற்றி நான் குறை சொன்னதே இல்லை.

அந்தக் கம்பெனியில் இடது, வலது, உள்ளே, வெளியே எல்லாமே ஆபரேட்டர் நிற்கிற இடத்திலிருந்துதான். பாகத்தின் பெயரும் அப்படித்தான், மிஷினின் பெயரும் அப்படித்தான். எதிர்ப்பக்கம் நின்று நீங்கள் வலது என்றால் நாலு பேர் சிரிப்பார்கள். நான் சேர்ந்த மாதமே பாதுகாப்பு அதிகாரி என் அறைக்கு வந்து சொன்னார்: "சிஸ்டர், காயத்தையும் ஆபரேட்டர் சைடுல இருந்தே எழுதுங்க. அவர் மிஷின்ல நிக்கிற மாதிரி நின்னு பாத்து எழுதுங்க. அப்பதான் தகடு எந்தப் பக்கத்துல இருந்து வந்துச்சுன்னு எனக்குப் புரியும்." அவர் கேட்டதில் தப்பில்லை. அவர் கவலை அது.

பிரஸ் மிஷினில் இரண்டு பொத்தான் இருக்கும். இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் அச்சு மேலிருந்து இறங்கும். ஒரு கை உள்ளே மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு. நாள் முழுக்க ஆபரேட்டரின் உள்ளங்கை தரையைப் பார்த்துக் கவிழ்ந்திருக்கும். இரண்டு கட்டைவிரலும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கும், உடம்பின் நடுவை நோக்கி. காயத்தோடு வருகிறவர்களும் கையை அப்படியேதான் மேசைமேல் கவிழ்த்து வைப்பார்கள். நானும் பேனாவை வாயில் கவ்விக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாத இரண்டு பொத்தானைக் காற்றில் அமுக்குவேன். கட்டைவிரல் பக்கம் காயமா? உள்பக்கம். எழுது.

உள்பக்கம் என்று எழுதியிருந்தால் ஒரு பாவமும் இல்லை. ஆனால் பதிவேடு ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். தவிர, நானோ படித்த நர்ஸ். வெறும் உள்பக்கம் என்று எழுத எனக்கு மனசு வருமா? மீடியல் என்று எழுதினேன். முதல் தடவை எழுதும்போதே உறுத்தியது, மேடம் முகம் வந்து போனது. சின்னக் கீறல்தானே, அவர் கேட்கிற மாதிரி இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். பத்தாவது தடவைக்கு மேல் உறுத்தல்கூட இல்லை. இப்படி நாலு வருடம் கம்பெனியின் கட்டைவிரல்களையெல்லாம் இடம் மாற்றி எழுதிக்கொண்டிருந்தேன். ஒருத்தரும் படிக்கவில்லை, ஒருத்தருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

நான் சொல்ல வந்த மனிதர் நாட்றாம்பாளையத்துக்காரர். நாற்பதைத் தாண்டிய வயது, ஆறு வருடமாகக் காண்ட்ராக்டில் பிரஸ் ஓட்டுபவர். ஊரில் காட்டை ஒட்டிக் கொஞ்சம் கேழ்வரகு போடுகிற நிலம் இருந்தது. சனிக்கிழமை ஷிப்ட் முடிந்து அஞ்செட்டி வழியாக ஊருக்குப் போய், திங்கட்கிழமை திரும்புவார். என்னைவிட மூத்தவர் என்பதால் நான் அண்ணா என்பேன், அவர் சிஸ்டர் என்பார். உடம்புக்கு முடியவில்லை என்று ஒருநாளும் என் அறைக்கு வந்ததில்லை. ஒரே ஒரு தடவை சக தொழிலாளியைத் தூக்கிக்கொண்டு வந்தார், அவ்வளவுதான் பழக்கம்.

அன்று காலை பத்து மணி டீக்குச் சற்று முன்னால் அவரே நடந்து வந்தார். இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்திருந்தார். மிஷின் துடைக்கிற நூல்கழிவு ஒரு கை நிறைய அதன்மேல் அமுங்கி, சிவந்து ஊறியிருந்தது. அடுக்கி வைத்த தகடு சரிந்து விளிம்பு இறங்கியிருக்கிறது. கட்டைவிரலுக்குக் கீழே, மணிக்கட்டின் ஓரத்தில், ஆழமான வெட்டு. கையை மேசைமேல் கவிழ்த்து வைத்தார்.

"வலி இல்லீங்க சிஸ்டர். மரத்துப்போன மாதிரி இருக்குது, அவ்ளோதான்."

"கட்டைவிரலை மேல தூக்குங்கண்ணா."

அவர் விரலைப் பார்த்தார். நானும் பார்த்தேன். கூப்பிட்டும் திரும்பாத ஆளைப் பார்ப்பதுபோல அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அது எழவில்லை. தசைநார் அறுந்துவிட்டது என்று எனக்கு அந்த நொடியே தெரிந்தது.

அழுத்திக் கட்டினேன். வண்டிக்குச் சொன்னேன். காத்திருந்த நேரத்தில் இடது கையால் போனை எடுத்து வீட்டுக்குப் பேசினார். அவர் மனைவி வீட்டில் கன்னடம்தான் பேசுவார். "ஏனூ ஆகில்ல, ஏனூ ஆகில்ல" என்று இவர் இரண்டு தடவை சொன்னார். ஒன்றும் ஆகவில்லை என்று அர்த்தம். எதுவும் ஆகாதவர் வேலை நேரத்தில் எதற்குப் போன் செய்கிறார் என்று அந்த அம்மா கேட்டிருக்க வேண்டும், சிரித்துவிட்டு வைத்தார். வண்டி டிரைவரிடம், "டாக்டர்கிட்ட கட்டைவிரல் தூக்கலைன்னு மறக்காம சொல்லு" என்று சொல்லி அனுப்பினேன். ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை.

வண்டி கிளம்பியதும் உட்கார்ந்து பதிவேட்டைத் திறந்தேன். இரண்டு கையையும் காற்றில் கவிழ்த்துப் பொத்தானை அமுக்கினேன். வலது மணிக்கட்டு, மீடியல் பக்கம், வெட்டுக்காயம் என்று எழுதினேன். பாதுகாப்பு அதிகாரி அதைப் பார்த்து விபத்து அறிக்கையைத் தயார் செய்து, அன்றே காப்பீட்டு அலுவலகத்துக்கு அனுப்பினார்.

டிரைவர் சொன்னானோ மறந்தானோ, தெரியாது. அவர்கள் போன சின்ன நர்சிங் ஹோமில் தோலை மட்டும் தைத்து அனுப்பிவிட்டார்கள். சீட்டில் வலது மணிக்கட்டு வெட்டு, தையல் போடப்பட்டது என்று மட்டும் இருந்தது. எந்தப் பக்கம் என்று இல்லை. அவர் விடுப்பில் ஊருக்குப் போனார். அது கேழ்வரகு அறுப்புக் காலம். ஒரு மாதம் கழித்து வந்தபோது காயம் ஆறியிருந்தது, விரல் ஆறவில்லை. சட்டைப் பொத்தான் போட முடியவில்லை, சாவியைத் திருப்ப முடியவில்லை, தகட்டை எடுக்கவே முடியவில்லை. பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினோம். அறுந்த நார் இரண்டு பக்கமும் சுருங்கிப் போய்விட்டது, இனிச் சேர்ப்பது கஷ்டம் என்றார்கள். அவர்கள் சீட்டில் லேட்டரல் பக்கத் தழும்பு என்று சரியாக எழுதியிருந்தார்கள்.

கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. கம்பெனிக்குள்ளே அடிபட்டவர் என்று காப்பீட்டு அலுவலகத்தின் மருத்துவ வாரியம் ஒப்புக்கொண்டால், அவரைப் பேக்கிங் பகுதியில் லேசான வேலைக்குப் போட்டு வைத்துக்கொள்வார்கள். வெளியே அடிபட்டவர் என்றால் காண்ட்ராக்ட் அந்த மாதத்தோடு முடியும். அவருக்குத் தேவைப்பட்டதெல்லாம் அந்த ஒப்புதல்தான். பார்த்தவர்கள் அத்தனை பேர் இருக்கையில் இதில் என்ன சிக்கல் வரும் என்றுதான் எல்லாரும் நினைத்தோம்.

வாரியத்திலிருந்து வந்த கடிதத்தை அவர் என்னிடம்தான் கொண்டுவந்தார். ஆங்கிலத்தில் இருந்தது. அறிக்கையில் குறிப்பிட்ட காயம் மீடியல் பக்கம், இப்போதுள்ள தழும்பு லேட்டரல் பக்கம், இரண்டும் ஒத்துப்போகாததால் பணியிடக் காயமாக ஏற்க இயலவில்லை. இரண்டாவது வரியிலேயே அது என் பிழை என்று தெரிந்துவிட்டது. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா போட்டிருக்காங்க சிஸ்டர்?"

"பேப்பர்ல ஏதோ வித்தியாசம்ணா. கையில எந்தப் பக்கம்னு."

"இந்தப் பக்கந்தானுங்களே." கையைக் கவிழ்த்து மேசைமேல் வைத்தார். "நீங்கதானே கட்டுப் போட்டீங்க. நீங்க பாத்தீங்களே."

பார்த்தேன். நான்தான் தப்பாக எழுதினேன் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். விசாரிக்கிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

பாதுகாப்பு அதிகாரியிடம் போனேன். கதவைச் சாத்தச் சொன்னார்.

"நீங்க எழுதினது தப்புன்னு ஒத்துக்கிட்டா, நாலு வருஷ ரிஜிஸ்டரும் தப்புன்னு ஆகும். ஆடிட்ல என் கழுத்துக்கு வரும். நீங்களும் வீட்டுக்குப் போகணும். யோசிச்சுக்குங்க."

"நீங்கதான சார் ஆபரேட்டர் சைடுல எழுதச் சொன்னீங்க?"

"எழுதச் சொன்னேன். மீடியல்னு எழுதச் சொன்னேனா? அந்த வார்த்தை எனக்குத் தெரியவே தெரியாதும்மா."

அவர் சொன்னது உண்மை. அந்த வார்த்தையை அந்தக் கம்பெனிக்குள் கொண்டுவந்தவள் நான் ஒருத்திதான்.

அதற்குள் மிஷின் ஷாப்பில் ஒரு பேச்சு கிளம்பிவிட்டது. ஆள் அறுப்புக்கு ஊருக்குப் போனார் இல்லையா, அங்கே அருவாளில் வெட்டிக்கொண்டு கம்பெனிமேல் போடப் பார்க்கிறார் என்று. வலது கையில் அருவாள் பிடிக்கிறவர் வலது கையையே எப்படி வெட்டிக்கொள்வார் என்று யோசிக்க ஒருத்தருக்கும் நேரமில்லை. அன்று ரத்தத்தைப் பார்த்த ஆட்களே தலையைக் குனிந்துகொண்டார்கள், அவர்களும் காண்ட்ராக்ட்தான். அவர்களைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? பார்த்தது மட்டுமல்ல, கட்டுப் போட்டது நான். நானே மூன்று வாரம் வாயைத் திறக்கவில்லை. வாடகை, தம்பி படிப்பு, இனி வேறு வேலை எங்கே தேடுவது என்று ஒவ்வொரு நாளும் ஒரு காரணம் கிடைத்தது.

மூன்று வாரம் கழித்து ஒரு காலையில், மேல்முறையீடு செய்துவிட்டு முடிவுக்குக் காத்திருந்த அவர் கேன்டீனில் ஸ்பூனை நான்கு விரலால் பிடித்துச் சாப்பிடுவதைப் பார்த்தேன். சாம்பார் சட்டையில் சிந்தியது. பக்கத்தில் இருந்தவரிடம் சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னார். அன்றே உட்கார்ந்து, காயத்தின் பக்கத்தை நான்தான் தவறாகக் குறித்தேன், உண்மையில் அது கட்டைவிரல் பக்கம் என்று வாரியத்துக்குக் கடிதம் எழுதினேன். மேல்முறையீட்டு நாளில் விடுப்புப் போட்டுவிட்டு அவரோடு நானும் போனேன். பஸ்ஸில் அவர் எனக்கு ஜன்னல் ஓரத்தை விட்டுக்கொடுத்தார்.

"நீங்களே வந்து சொல்றீங்கன்னா அப்புறம் இன்னா சிஸ்டர்? முடிஞ்சுது வேலை" என்றார். நான் என்ன சொல்லப் போகிறேன் என்று அவர் கேட்கவே இல்லை. நானும் முழுசாகச் சொல்லவில்லை.

வாரியத்தின் டாக்டர் வயதானவர், மரியாதையானவர். என் கடிதம் அவர் முன்னால் இருந்தது. கேள்விகளை ஆங்கிலம் கலந்துதான் கேட்டார், நானும் அப்படியே பதில் சொன்னேன்.

"நீங்க குவாலிஃபைடு நர்ஸ்தானேம்மா?"

"ஆமாங்க டாக்டர்."

"மீடியல்னா என்ன?"

சொன்னேன்.

"லேட்டரல்?"

சொன்னேன்.

"கட்டைவிரல் எந்தப் பக்கம்?"

"லேட்டரல், டாக்டர்."

"இவ்வளவு தெளிவா தெரிஞ்சவங்க எப்படிம்மா மாத்தி எழுதுவீங்க?"

எழுந்து நின்று, இரண்டு கையையும் கவிழ்த்து, காற்றில் பொத்தானை அமுக்கிக் காட்டினேன். மிஷின் முன்னால் இப்படித்தான் நிற்பார்கள், இப்படி நின்று பார்த்துத்தான் எழுதச் சொன்னார்கள், நாலு வருடமாக இப்படியேதான் எழுதுகிறேன் என்றேன். என் குரல் எனக்கே பொய் மாதிரிக் கேட்டது. பிரஸ் மிஷினை வாழ்க்கையில் பார்க்காத ஒருவருக்கு, படித்த ஒரு பெண் காற்றில் கையை ஆட்டிக்கொண்டு நிற்பது எப்படித் தெரிந்திருக்கும்?

"அந்த ரிஜிஸ்டரைக் கொண்டு வந்திருக்கீங்களா?"

"கம்பெனியில குடுக்கல டாக்டர்."

"ரெண்டு பேரும் ஒரே ஊர்ப்பக்கமா?"

"ஒரே மாவட்டங்க. ஊர் வேற வேற."

அவர் லேசாகச் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. பாவப்பட்ட மனிதனுக்காகப் பொய் சொல்ல வந்த நல்ல மனசுக்காரி என்று என்னை முடிவு செய்துவிட்ட சிரிப்பு. ஒரு தையலுக்கு ஒரு தழும்புதானே டாக்டர், இது வேறு காயம் என்றால் தைத்த காயத்தின் தழும்பு எங்கே என்று கேட்டேன். எங்களுக்கு அன்று எழுதின பேப்பர்தான் முக்கியம் என்றார். அந்தப் பேப்பரை எழுதியதும் நான்தான் என்று அழாத குறையாகச் சொன்னேன். அன்று எழுதினபோது இப்படி எழுதுங்கள் என்று உங்களை யாரும் கேட்டுக்கொள்ளவில்லை இல்லையா, அதனால் அதைத்தான் நம்ப முடியும் என்றார்.

பிறகு டாக்டர் அண்ணாவைப் பார்த்து, "எழுந்து நில்லுங்க. கையைத் தொங்க விடுங்க. உள்ளங்கையை முன்னால காட்டுங்க" என்றார்.

அவருக்கு அது வரவில்லை. கையைத் தொங்கவிட்டால் உள்ளங்கை தானாகப் பின்னால் திரும்பியது. உதவியாளர் ஒருவர் வந்து இரண்டு மணிக்கட்டையும் பிடித்துத் திருப்பி விட்டார். வெள்ளைச் சட்டையின் கையை மடித்து, உள்ளங்கை இரண்டையும் முன்னால் காட்டிக்கொண்டு, தழும்பு வெளிப்பக்கம் தெரிய, தூக்க முடியாத கட்டைவிரலோடு அவர் நின்றார். கல்லூரியில் நான் சிரித்த அதே நிற்பு. என்னிடம் ஒன்றும் இல்லை என்று காட்டுகிறவரைப் போல இருந்தார். "லேட்டரல்" என்று டாக்டர் எழுதுபவரிடம் சொன்னார். அவர் சொன்னது சரியாகத்தான் இருந்தது.

மேல்முறையீடு தள்ளுபடியானது. அந்த மாதத்தோடு அவர் காண்ட்ராக்ட் முடிந்தது. என்னை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. என் கடிதத்தை நம்பாததால் என் பதிவேடு சரி என்று ஆகிவிட்டது. பாதுகாப்பு அதிகாரி ஒருநாள் வந்து, "நல்லவேளை சிஸ்டர், ரிஜிஸ்டர்ல நம்ம பேர் கெடலை" என்றார். காகிதத்தின்படி நான் ஒரு தப்பும் செய்யாதவள். இன்னும் அதே அறையில்தான் இருக்கிறேன். இப்போதெல்லாம் கட்டைவிரல் பக்கம், சுண்டுவிரல் பக்கம் என்றுதான் எழுதுகிறேன். இது என்ன சின்னப் பிள்ளை மாதிரி என்று ஆடிட்டில் கேட்டார்கள். அப்படித்தான் எழுதுவேன் என்று சொன்னேன். இந்த ரோஷம் அன்று வாரியத்தின் கடிதத்தோடு மேசைக்கு அந்தப்பக்கம் அவர் உட்கார்ந்திருந்தபோது வந்திருக்க வேண்டும்.

கணக்கு முடித்துக் கையெழுத்துப் போட வந்த அன்று அவரை ஓசூர் பஸ் நிலையம் வரை கொண்டுபோய் விட்டேன். கையெழுத்தை இடது கையால் போட்டிருந்தார், அதைப் பழகிக்கொண்டிருப்பதாகச் சொன்னார். அஞ்செட்டி பஸ் வர நேரமிருந்தது. அவர் ரொம்ப நேரம் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். கவிழ்த்தார், மல்லாத்தினார், மறுபடி கவிழ்த்தார்.

"தப்பு என் மேலதான் சிஸ்டர்" என்றார். "அந்த டாக்டர் காட்டச் சொன்னாரே, அந்த மாதிரி உள்ளங்கையை அன்னிக்கே உங்ககிட்ட மல்லாத்திக் காட்டியிருந்தா நீங்க சரியா எழுதியிருப்பீங்க. நான் கவுத்து வச்சுட்டேன். எனக்கு அது தெரியாம பூட்டுது. என்னால உங்களுக்கும் அலைச்சல்."

இல்லை என்று சொல்ல வேண்டும். நீங்கள் எப்படி வைத்திருந்தாலும் அது கட்டைவிரல்தான், பெயர் மாறாது, அதை அறிந்துகொள்ள வேண்டியது என் வேலை என்று சொல்ல வேண்டும். சொன்னால் அவர் ஊருக்குப் போய் மனைவியிடம் என் பெயரைச் சொல்வார், இந்த வேலை யாரால் போனது என்று அந்த வீட்டில் தெரியும்.

"பஸ் வந்துருச்சுண்ணா" என்றேன்.

அவர் பையை வலது முழங்கையில் மாட்டிக்கொண்டு, இடது கையால் கம்பியைப் பிடித்து ஏறினார். உட்கார்ந்ததும் ஜன்னல் வழியாக எனக்குக் கும்பிடு போட்டார். கட்டைவிரல் ஒன்று மட்டும் சேராமல் நின்றது.